பிழையைச் சொல்லும் துணிவு

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் அமைந்துள்ள சேலம் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் மட்டுமன்றிச் சிறிய பயிற்சி விமானங்களும் ஏறி இறங்குகின்றன. வானில் வட்டமிடும் அவற்றை வயலில் நிற்போர் வியப்புடன் அண்ணாந்து பார்க்கின்றனர். உள்ளே அமர்ந்திருப்பவரோ இருபது வயதை ஒட்டிய ஒரு மாணவராக இருக்கலாம். அவருடைய வீட்டில் பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு, அவர் தரையிறங்கிய செய்திக்காகப் பாட்டி தொலைபேசியருகே காத்திருக்கவும் கூடும்.

நம் நாட்டில் தனியார் விமானி உரிமம் பெற 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 40 மணி நேரத்தில் பிழையே செய்யாத மாணவர் எவரும் இலர். பிழையை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே அங்குக் கற்பிக்கப்படும் முதன்மையான பாடம்.

பறக்கும்போது வேகம் குன்றினால் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கின்றன. இதை ‘ஸ்டால்’ என்பர். மூக்கு தாழ்ந்து, கண்ணெதிரே தரை தெரியும். அஞ்சிய கை, கட்டுப்பாட்டுத் தண்டைத் தானாகவே தன்பால் இழுக்கும். இழுத்தால் ஆபத்து மிகும். முன்னே தள்ளினால்தான் வேகம் கூடி இறக்கை மீண்டும் காற்றைப் பற்றும். ஆகவே போதிய உயரத்தில், பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்க, இந்நிலையை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குகின்றனர்.

தரையிறங்கும்போது சக்கரம் ஓடுபாதையில் மோதி, விமானம் துள்ளி எழுவதும் உண்டு. எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று மூக்கை அழுத்துபவர் விபத்தை அழைக்கிறார். விசையைக் கூட்டி மீண்டும் மேலேறி, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குபவரையே நல்ல மாணவர் என்பர். பார்ப்போர் நகைப்பார்களே என்ற கூச்சத்திற்கு அங்கு இடமில்லை.

திசை அறிவதிலும் இவ்வாறே. காமலாபுரத்திலிருந்து நாமக்கல் வான்வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திசையில் 1 பாகை பிறழ்ந்தால், அத்தொலைவில் சுமார் 1 கிலோமீட்டர் விலகிவிடும். 10 பாகை கிழக்கே பிறழ்ந்தால், 4,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கொல்லிமலையின் பக்கம் விமானம் நெருங்கிவிடும். கவனியாது விட்ட கடனுக்கு வட்டி ஏறுவது போலப் பிழையும் தொலைவோடு வளர்கிறது. ஆகவே மாணவர் சங்ககிரி மலைக்கோட்டை, காவிரி, நாமக்கல் பாறை ஆகிய அடையாளங்களை அடிக்கடி சரிபார்க்கிறார். வழி தவறிவிட்டதெனத் தோன்றினால் கௌரவம் பாராது வானொலியில் உடனே அறிவிக்க வேண்டும் என்பது விதி.

இறங்கிய பின் பயிற்றுநரும் மாணவரும் அமர்ந்து, நேர்ந்த பிழைகளை ஒவ்வொன்றாகப் பேசுகின்றனர். அங்கு மறைக்கப்படும் பிழை மறுநாளும் விமானத்தில் ஏறிக்கொள்கிறது.

மறைந்து நின்ற பிழையின் விலையை உலகம் 1974-இல் கண்டது. அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள், வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று உரிய இடத்திற்கு முன்பே தாழ்ந்து மலையில் மோதியது. 92 பேர் மாண்டனர். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முன்பு, வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்தால் தாழ்ந்து, நூலிழையில் தப்பியிருந்தனர். அவர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆயினும் அந்த எச்சரிக்கை அவர்களுடைய நிறுவனத்தின் எல்லையைத் தாண்டவில்லை. இதன் பின்னரே, பிழையை அறிவிப்பவரின் பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் அனைவருக்கும் வழங்கும் முறை 1976-இல் அமெரிக்காவில் நாசா அமைப்பின் பொறுப்பில் தொடங்கப்பட்டது.

நம் நாட்டு வரலாற்றிலும் ஓர் இனிய சான்று உண்டு. 1930-இல், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 17 வயது ஆஸ்பி எஞ்சினியர், மாற்று ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமல் எகிப்தில் தவித்து நின்றார். எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் ஜே.ஆர்.டி. டாடாவிடம் அவர் தம் குறையைச் சொன்னார். டாடா தம்மிடமிருந்தவற்றில் சிலவற்றைக் கொடுத்துதவினார். பரிசு ஆஸ்பிக்கே கிட்டியது. அந்த இளைஞரே பின்னாளில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

இலங்கைக்கு எரியூட்டிய பின், சீதாபிராட்டிக்கும் தீங்கு நேர்ந்திருக்குமோ என்று தம் சினத்தைத் தாமே நொந்துகொண்ட அநுமனை வான்மீகத்தின் சுந்தர காண்டம் காட்டுகிறது. பிராட்டி நலமே என்று கேட்டும் அவர் அமையவில்லை. திரும்பிச் சென்று நேரில் கண்ட பின்னரே கடலைத் தாண்டினார்.

விமானம் ஓட்டும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இல்லை. ஆயினும் தேர்வில் தவறியதை, கணக்கில் பணம் குறைந்ததை, வண்டியை இடித்ததைச் சொல்ல அஞ்சி நிற்கும் பேரப்பிள்ளைகள் பல வீடுகளில் உள்ளனர். முதலில் கேட்கப்படும் சொல் வசையாக இருந்தால், அடுத்த பிழையை அவர்கள் சொல்ல மாட்டார்கள். “என்ன நடந்தது? உட்கார்ந்து சொல் கண்ணு” என்று பெரியவர் கேட்டால், அந்த வீட்டில் எந்தப் பிழையும் நெடுந்தொலைவு வளராது.