பொன்னுக்கும் உரைகல் வேண்டும்

நுழையும்முன்

பொன்னும் வெள்ளியும் அணிகலன்களாக மட்டுமன்றி மருந்தாகவும் போற்றப்பட்டு வந்துள்ளன. இவ்வுலோகங்களின் நுண்துகள்கள் கலந்த நீரைப் பருகினால் நோய்கள் பலவும் நீங்கும் என்று ஒரு சாரார் கூறுகின்றனர். அக்கூற்றுக்குச் சான்றில்லை என்று மருத்துவ உலகம் மறுக்கிறது. இருவேறு கருத்துகள் மோதும் இடத்தில் நாம் எதனைக்கொண்டு முடிவு செய்வது? இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

கூழ்மமும் அதன் கவர்ச்சியும்

ஒரு பொருளின் மிக நுண்ணிய துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் மற்றொரு பொருளில் பரவி நிற்கும் நிலையே கூழ்மம். இத்துகள்களின் அளவு ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை இருக்கும். மைக்கேல் பாரடே 1857ஆம் ஆண்டில் பொன்னின் நுண்துகள்களை நீரில் பரவச் செய்து, அந்நீர் மாணிக்கச் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டு ஆராய்ந்தார். இத்தகைய பொருள்களுக்குரிய ஆங்கிலப் பெயரை 1861ஆம் ஆண்டில் தாமஸ் கிரகாம் வழங்கினார்.

மஞ்சள் நிறப் பொன் சிவப்பாக மாறுவதும், திண்ணிய வெள்ளி கண்ணுக்குப் புலப்படாத துகளாக நீரில் மிதப்பதும் வியப்பூட்டுவன. வியப்பு அறிவியலின் வாயில். அதுவே சில வேளைகளில் வணிகத்தின் வாயிலாகவும் ஆகிவிடுகிறது. 1990களில் அமெரிக்காவில் கூழ்ம வெள்ளி நீர் ஊட்டப்பொருள் என்ற பெயரில் பரவலாக விற்கப்பட்டது. சளி முதல் புற்றுநோய் வரை அனைத்துக்கும் அதுவே மருந்து எனப் பேசப்பட்டது.

வெள்ளியின் உண்மையான பெருமை

வெள்ளிக்கு மருத்துவப் பயனே இல்லை என்று கூறுவது உண்மைக்கு மாறானது. செருமானிய மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே, 1880களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டுகளாக இட்டார். குழந்தைகளின் பார்வையைப் பறித்துவந்த கண்நோய் அதனால் வெகுவாகக் குறைந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெருகாத அக்காலத்தில் வெள்ளிச் சேர்மங்கள் மருத்துவர்களின் கைகளில் இன்றியமையாத கருவிகளாக இருந்தன. 1968ஆம் ஆண்டில் அறிமுகமான சில்வர் சல்பாடையசின் களிம்பு தீக்காயங்களுக்கு இன்றும் இடப்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், வெள்ளி நுண்துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சங்களை நீக்கும் முறையை உருவாக்கினர். கருவுறுதலை அறியும் சோதனைப் பட்டையில் தோன்றும் சிவந்த கோடு பெரும்பாலும் பொன் கூழ்மத்தின் நிறமேயாகும்.

இவற்றுள் ஒரு பொதுத்தன்மை உண்டு. கண்ணில் இடுதல், புண்ணில் பூசுதல், நீரைத் தூய்மை செய்தல், நோயைக் கண்டறிதல் ஆகிய இவையனைத்தும் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட வேலைக்காக, குறிப்பிட்ட அளவில் சோதித்து ஏற்கப்பட்டவை. பருகினால் உடலெங்கும் சென்று நோய் தீர்க்கும் என்னும் கூற்றை இவற்றுள் எதுவும் மெய்ப்பிக்கவில்லை. புண்ணுக்கு இடும் களிம்பு பயன் தருகிறது என்பதற்காக அதனை உண்ணத் தொடங்குவார் உண்டோ?

குடுவையும் உடலும் வேறு

ஆய்வுக் குடுவையில் வெள்ளி அயனிகள் நுண்ணுயிரிகளை அழிப்பது உண்மை. இவ்வுண்மையையே விற்பனையாளர்கள் முன்னிறுத்துகின்றனர். ஆனால் மனித உடல் ஒரு குடுவையன்று. குளோரைடு உள்ள கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றுவதை வேதியியல் ஆய்வகத்தில் காணலாம். நம் இரைப்பைச் சாற்றிலும் குளோரைடு நிறைந்துள்ளது. குருதியில் வெள்ளியைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. குடுவையில் தனித்து நின்று போரிட்ட அயனி, உடலுக்குள் அதே வடிவில் நோயுற்ற இடத்தைச் சென்றடையும் என்று கொள்வதற்கு இடமில்லை.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோக்கும் இவ்வேறுபாட்டைக் கண்டார். பொன் சயனைடு சேர்மங்கள் குடுவையில் அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுத்தன. நோயுற்ற விலங்குகளுக்கோ அவை பயன்படவில்லை. இதனை அவர் 1890ஆம் ஆண்டில் வெளிப்படையாக அறிவித்தார்.

நீலம் படர்ந்த மேனி

பயனில்லை எனினும் தீங்கில்லையே என்று சிலர் கேட்பர். உட்கொள்ளும் வெள்ளியில் ஒரு பகுதி குருதியில் கலந்து தோலில் படிகிறது. ஒளிப்படத் தகட்டில் வெள்ளிச் சேர்மம் ஒளிபட்டுக் கருமையடைவதைப் போல, தோலில் படிந்த வெள்ளியும் கதிரவன் ஒளியால் கருமையடைகிறது. முகமும் கைகளும் நீலம் கலந்த சாம்பல் நிறம் பெறுகின்றன. ஆர்ஜிரியா எனப்படும் இந்நிலை பொதுவாக நிலையானது. வெள்ளி உண்பதை நிறுத்தினாலும் பழைய நிறம் திரும்புவதில்லை. 2000ஆம் ஆண்டில் கணினிகள் செயலிழந்து மருந்துத் தட்டுப்பாடு ஏற்படும் என அஞ்சிய அமெரிக்கர் ஒருவர் தாமே கூழ்ம வெள்ளி தயாரித்துப் பருகினார். 2002ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தில் செனட் தேர்தலில் அவர் நின்றபோது அவரது நீலம் படர்ந்த முகம் உலகச் செய்தியாயிற்று.

அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் உட்கொள்ளும் வெள்ளிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 0.3 மில்லிகிராம் ஆகும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வெள்ளி உள்ள நீரில் 100 மில்லிலிட்டர் பருகினால் 1 மில்லிகிராம் உடலில் சேரும். இது வரம்பைப் போல் மூன்று மடங்கிற்கும் மேல். சிறு கரண்டியளவே பருகினால் வரம்பு மீறாதே எனலாம். மீறாமல் இருக்கலாம், ஆனால் அவ்வளவால் எந்நோயும் தீர்ந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. வீட்டில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நீரிலிட்டு மின்சாரம் செலுத்தித் தயாரிப்போர், தாம் பருகுவது எவ்வளவு என்பதையும் அறியார்.

இவற்றை ஆராய்ந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கூழ்ம வெள்ளி கலந்த, மருத்துவச் சீட்டின்றி விற்கப்படும் மருந்துகள் பாதுகாப்பானவையாகவும் பயனுள்ளவையாகவும் ஏற்கப்படவில்லை என்று 1999ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆயினும் நோய் தீர்க்கும் என்று கூறாமல் ஊட்டப்பொருளாக விற்பதற்கு வழி இருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாவுக்கு மருந்து என்று பொருள்களை விற்ற ஏழு நிறுவனங்களுக்கு அவ்வமைப்பு எச்சரிக்கை மடல் அனுப்பியது. அவற்றுள் சில விற்றது கூழ்ம வெள்ளியே.

நாணயம் சொன்ன தீர்ப்பு

1920களில் சானோகிரைசின் என்னும் பொன் உப்பு காசநோய்க்கு ஊசிவழியே செலுத்தப்பட்டது. நலம் பெற்றதாகக் கூறியோர் பலர். பரிந்துரைத்த மருத்துவர்களும் பலர். அமெரிக்காவில் ஆம்பர்சன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் நோயாளர் 24 பேரை ஒத்த தன்மையுடைய இரு குழுக்களாகப் பிரித்தனர். எக்குழுவுக்குப் பொன் உப்பு என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தனர். மற்றக் குழுவினர்க்கு வாலைவடிநீரே ஊசியில் செலுத்தப்பட்டது. தமக்குக் கிடைத்தது எது என்பதை நோயாளர் அறியார். 1931ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பொன் உப்பால் நலம் விளையவில்லை. நச்சு விளைவுகளே தோன்றின.

அதே காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஜாக் பாரஸ்டியர் முடக்குவாத நோய்க்குப் பொன் உப்புகளை அளித்து 1929ஆம் ஆண்டில் நற்பயனைப் பதிவு செய்தார். பின்னர் நடந்த கட்டுப்பாட்டுடன் கூடிய ஆய்வுகளும் அதனை உறுதி செய்ததால் அம்மருந்து பல்லாண்டுகள் மருத்துவத்தில் நிலைபெற்றது. ஒரே உலோகம் ஒரு நோயில் தோற்றது. மற்றொரு நோயில் வென்றது. பொன்னின் பெருமையோ, அதன் மீதுள்ள ஐயமோ இவ்விரண்டையும் முன்னரே சொல்லியிருக்க இயலாது. சோதனை மட்டுமே சொன்னது.

மறுதரப்பின் வாதங்கள்

மாற்று மருந்தை நாடுவோரை அறியாதவர் என இகழ்தல் முறையன்று. மருத்துவச் செலவு பெருகுகிறது. மருத்துவர் நின்று பேச நேரமில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. இவையனைத்தும் மெய்யான குறைகள். ஆனால் ஒன்றில் குறை உள்ளது என்பது மற்றொன்று நிறைவானது என்பதற்குச் சான்றாகாது.

‘எனக்குக் குணமாயிற்றே’ என்பது மற்றொரு வாதம். சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் தாமாகவே நீங்குவன. அவ்வேளையில் நாம் பருகியது எதுவாயினும் புகழ் அதற்குச் சேரும். காப்புரிமை பெற இயலாத பொருளை ஆராய எந்நிறுவனமும் முன்வாராது என்றும் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் ஆம்பர்சனுக்குத் தேவைப்பட்டவை 24 நோயாளரும், ஒரு நாணயமும், முடிவு எதுவாயினும் ஏற்கும் நேர்மையுமே. பல்லாண்டுகளாக விற்று ஈட்டுவோர் அச்சிறு ஆய்வைக்கூடச் செய்து காட்ட வேண்டாவா?

நம் மரபின் பெயரால்

நம் சித்த மருத்துவத்திலும் உலோகங்கள் உள்ளனவே என்று தமிழ் மாணவர் கேட்கக்கூடும். பற்பமும் செந்தூரமும் உலோகத்தைச் சுத்தி செய்து, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, புடமிட்டு முடிப்பவை. நோயாளியின் நிலை கண்டு மருத்துவர் அளவும் அனுபானமும் பத்தியமும் வகுத்துத் தருபவை. மின்கம்பியால் வெள்ளியைப் பிரித்துப் புட்டியில் அடைத்த நீர் அம்மரபைச் சார்ந்ததன்று. மரபின் நற்பெயரை அதற்கு இரவல் கொடுத்தல் மரபுக்கே இழுக்காகும். பற்பத்தையும் செந்தூரத்தையும் இக்கால ஆய்வு முறைகளால் சோதித்தல் அவற்றை அவமதிப்பதும் ஆகாது. பொன்னை உரைத்துப் பார்க்கும் பொற்கொல்லர் பொன்னைப் பழிப்பவர் அல்லர்.

புற்றுநோய், நீரிழிவு முதலான நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கலாம். வீட்டுக்கு வரும் உறவினரின் பரிந்துரையைத் தடுக்க இயலாது. அங்கே காவலாக நிற்க வேண்டியது நம் அறிவே.

இத்தகைய நீரால் விளையும் பெருங்கேடு தோலின் நிறமாற்றம் மட்டுமன்று. இழக்கும் காலமே பெரிது. நுரையீரலில் சளி கட்டிய குழந்தைக்கு வெள்ளி நீரைப் புகட்டிக் காத்திருக்கும் மூன்று நாள்களை எம்மருந்தாலும் மீட்க முடியாது. ஆதலால் இது எந்நோய்க்கு, எவ்வளவு, யாரிடம், எதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். விடை தர வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. விடை வரும்வரை அக்குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடையோர் செயல்.