வேத சிந்தனை: அன்றன்றைய படி

எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் சீன் வனாந்தரத்தை அடைந்தபோது, அவர்கள் வழிநடை தொடங்கி ஒரு மாதமே கழிந்திருந்தது. அதற்குள்ளாகவே, விட்டுவந்த நாட்டின் இறைச்சிப் பானைகளைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டது. அடிமைத்தனம் மறந்துபோயிற்று, பானை மட்டும் நினைவில் நின்றது! பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்துள்ள நம்மவர்க்கு இம்மனநிலையை விளக்க வேண்டுவதில்லை.

அவர்களுக்குத் தேவன் மன்னாவை அளித்த விதம் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் காணப்படுகிறது. தலைக்கு ஒரு ஓமர் அளவு. காலையில் சென்று சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் உருகிவிடும். மறுநாளைக்கென்று மீத்து வைத்ததில் புழு உண்டாயிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் சேர்த்த இரட்டிப்புப் பங்கு மட்டும் கெடவில்லை. முதல் தேதியில் சம்பளம் பெற்று, இருபதாம் தேதிக்குப் பின் சில்லறையை எண்ணும் நமக்கு இவ்வேற்பாடு அச்சத்தைத் தருவதேயாகும். களஞ்சியம் கிடையாது, இன்று கொடுத்தவர் நாளையும் கொடுப்பார் என்னும் நம்பிக்கை ஒன்றே கையிருப்பு.

இதன் காரணத்தை மோசே பிற்காலத்தில் உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். மனிதனுடைய உயிர் உணவை மட்டும் பற்றி நிற்பதன்று, தேவன் உரைக்கும் சொல்லைப் பற்றி நிற்பது என்று உணர்த்தவே அப்பசியும் அம்மன்னாவும் வந்தனவாம். இயேசு பெருமானும் வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசமிருந்து பசித்தபோது, சோதனைக்காரனுக்கு இவ்விடத்தையே விடையாக எடுத்துரைத்தார். அவர் அளித்த மூன்று விடைகளும் உபாகமத்தைச் சேர்ந்தவையே. அப்போது அவர் கையில் ஏட்டுச்சுருள் இருந்ததாக எழுதப்படவில்லை.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். ஊரிலிருந்து கொணர்ந்த பாட்டனாரின் தமிழ் வேதாகமம் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக உள்ளது. பின்வரும் சந்ததியார் காணும்படி ஒரு ஓமர் மன்னாவைக் கலசத்தில் வைத்ததும் உண்மையே. ஆயினும் அதைக் கொண்டு எவரும் பசியாறவில்லை.

நம் பிள்ளைகளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். தமிழில் நான்கு வசனம் வாசிக்க அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. இது வேதபாடமா, எழுத்துப் பாடமா என்று சலித்து, தந்தையரே நூலை வாங்கி விரைவாக வாசித்து முடித்துவிடுகின்றனர். அங்ஙனம் செய்தல் வேண்டா என்பதே எமது கருத்து. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மீதியானதுமில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைந்ததுமில்லை என்று அதே அதிகாரம் கூறுகிறதன்றோ? தடுமாறி வாசித்த பிள்ளையின் பங்கும் முழுப் பங்கே. அதை அவனுக்காக நாம் சேர்த்துத் தர இயலாது.

இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு மேல் வீடு திரும்பும் எம் போன்ற இரயில்வே ஊழியர், விடியல் வேளைக்கு எங்கே போவது என்று கேட்கக்கூடும். குடும்பம் ஒன்றுகூடும் வேளை எதுவோ, அதுவே நமக்கு விடியல் எனக் கொள்ளலாம்.

எங்கே தொடங்குவதென்று அறியாதவர் இந்த 16-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்க. வசனங்கள் 36, நாளொன்றுக்கு நான்காக, பிள்ளையே வாசித்தால், ஒன்பது நாளில் முடிந்துவிடும்.