துல்லியம் யார் கையில்?

"சிஎன்சி வந்தாச்சு, இனி டர்னர் எதுக்கு?" கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இயந்திரக் கருவிகள் வளர்ந்த கதையைப் பார்த்தால், இந்த நினைப்பில் பாதிதான் உண்மை.

ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினை வடிவமைத்துவிட்டார். நீராவி கசியாத உருளைதான் கிடைக்கவில்லை. உருளையைக் குடையும் தண்டுக்கு ஒரு முனையில்தான் பிடிமானம். உள்ளே போகப் போக அது ஆடியது. 1775-இல் ஜான் வில்கின்சன் தண்டை உருளைக்குள் முழுக்க ஊடுருவவிட்டு இரு முனையிலும் தாங்கினார். 50 அங்குல உருளையில் பிழை ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குள் அடங்கியது. வாட்டின் எஞ்சினும் ஓடியது.

கை நடுக்கம் அடுத்த சிக்கல். 1800-ஐ ஒட்டி ஹென்றி மௌட்ஸ்லே, லேத்தில் உளியை ஸ்லைடில் இறுக்கி, லீட் ஸ்க்ரூவால் நகரவைத்தார். எத்தனை மரை வெட்டினாலும் ஒரே அச்சாக வந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்குப் பொது அளவு வகுத்தார். 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடி-யில், காகித நாடாவில் துளைகளாகப் பதிந்த எண்களைப் படித்து மில்லிங் மெஷின் நகர்ந்தது. நாடாவின் வேலையைப் பின்னால் கணினி ஏற்றது, அதுதான் சிஎன்சி.

நம் நாட்டில் 1953-இல் பெங்களூரில் இயந்திரக் கருவிகள் செய்யும் எச்எம்டி தொடங்கியது. சென்னைப் பக்கம் எண்ணூரில் அசோக் லேலண்ட், 1961-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என்று வர, உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகளும் பெருகின.

ஆக, நிதானம், நகர்வு, அளவு, வேலை வரிசை என்று ஒவ்வொன்றாகக் கையிலிருந்து மெஷினுக்குப் போயின. கணிப்பு மட்டும் முழுக்கப் போகவில்லை.

25 மி.மீ. ஷாஃப்ட் ஒன்றைக் கடைகிறோம். கூடக்குறைய 0.02 மி.மீ. வரை போகலாம். வெட்டுமுனையான இன்செர்ட் தேயத் தேய விட்டம் கூடும்: 25.01, பிறகு 25.02. புரோகிராம் 25 என்றேதான் சொல்லிக்கொண்டிருக்கும். மைக்ரோமீட்டரில் பார்த்து மெஷினின் திருத்த அளவான ஆஃப்செட்டில் 0.02 குறைப்பவர் ஆப்பரேட்டர். எப்போது குறைக்க வேண்டும், எப்போது இன்செர்ட்டையே மாற்ற வேண்டும் என்பது, சில்லின் நிறமும் வெட்டும் சத்தமும் பழகியவருக்கே சட்டென்று பிடிபடும்.

அந்தப் பழக்கம் கை லேத்தில்தான் வரும். ஐடிஐ மாணவரை நேரே சிஎன்சி திரை முன் நிறுத்துவது படிப்பைச் சுருக்கலாம், ரிஜெக்ஷனைக் குறைக்காது. முதலில் சாதா லேத், பிறகு புரோகிராம்: இந்த வரிசையைப் பயிற்சி நிலையங்களும் முதலாளிகளும் கைவிடக் கூடாது.