புலன்களின் எல்லையும் சுரங்கத் தூசியும்

கண்ணுக்குத் தெரியாததை இல்லாதது எனக் கொள்வது மனித இயல்பு. இவ்வியல்பால் விளையும் தீங்கிற்குக் கோலார் தங்கவயல் தக்க சான்றாகும்.

தூண்டல் ஓரளவைத் தாண்டினாலன்றிப் புலன் அதனை உணராது என்பது உளநூல் கூறும் உண்மை. சுமார் 50 மைக்ரானுக்குக் குறைந்த துகளைத் தனித்துக் காண்பது கண்ணுக்கு அரிது. நுரையீரலின் நுண்ணறைகளை எட்டும் சிலிக்காத் துகள்களோ பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் சிறியவை. கண்ணிற்படும் பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணிற்படாத தூசியே உயிருக்கு உலை வைப்பது. நோயும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படுவதால், உடல் முன்னதாக எச்சரிப்பதில்லை. 1947இல் வெளியான ஆய்வின்படி, இங்குச் சோதிக்கப்பட்ட தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினர் சிலிகோசிஸ் நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும், மாரிகுப்பத்தை அடுத்துச் சயனைடு மலைகள் எனப்படும் கழிவுமண் மேடுகள் நிற்கின்றன. பலத்த காற்றில் அவற்றின் தூசி எழுகின்றது. அனுபவமுள்ளவரின் கண்ணே போதும் என்பாருமுளர். பழக்கம் கூர்மையைத் தரும். கண்ணமைப்பின் எல்லையை நீக்காது. ஆகவே, காற்றின் தூய்மையைக் களப்பணியாளர் கருவிகொண்டே அளத்தல் வேண்டும்.

இருண்ட அறையில் சிறு துளைவழியே வெயிலை விழச்செய்தால், வெறுங்காற்றென எண்ணியதில் தூசி மிதப்பதை மாணவர் காண்பர். அவ்வொளியிலும் புலப்படாத தூசி உண்டென்பதை ஆசிரியர் சேர்த்துரைத்தாலே பாடம் நிறைவுறும்.