மறந்துபோன குழாய்

சென்ற திங்கள் தாராவியிலுள்ள அன்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். விலாவில் தீராத வலி, குளிருடன் காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஈராண்டுகளுக்குமுன் சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்றபோது உள்ளே வைத்த குழாய் அப்படியே இருந்ததாம். "வலி நின்றுவிட்டது; நான் மறந்துவிட்டேன்" என்றார் அவர்.

முற்காலத்தில் விலாப்புறத்தை அறுத்தே கல்லை எடுத்தனர். 1877ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிட்சே, விளக்குடன் கூடிய சிறுநீர்ப்பை நோக்கியைச் செய்து காட்டினார். அதன் வழிவந்த கருவிகளால் இன்று வெளியே தழும்பின்றியே கல்லை உடைத்தெடுக்கின்றனர். நிற்க. தழும்பில்லை என்பதனால் தீங்கும் இல்லையென்று கொள்ளலாகாது. கிருமி பரவலாம், இரத்தம் கசியலாம், காயம் பட்ட இடம் பின்னர்ச் சுருங்கலாம். இவற்றை மருத்துவர் கவனிப்பர். மறதியினால் வரும் கேட்டையோ நாமே தடுத்தல் வேண்டும்.

சிகிச்சைக்குப்பின் சிறுநீரகத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைப்பதுண்டு. 1978இல் அறிமுகமான இதன் இரு முனைகளும் கொக்கிபோல் வளைந்திருக்கும். வீக்கம் தணியும்வரை சிறுநீர் தடையின்றி இறங்க இஃது உதவுகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவர். பொதுவாக மூன்று மாதங்களைக் கடத்தல் ஆகாது. கடந்தால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகிறது. சில நிமிடங்களில் முடியவேண்டிய வேலைக்குப் பல அறுவைகள் தேவைப்படலாம். சிறுநீரகமே பழுதாதலும் உண்டு.

நம்மவர் வலி தீர்ந்ததும் தாதரில் ரயிலேறி ஊருக்குப் போய்விடுகின்றனர். சிலர் செலவுக்கு அஞ்சி நாளைத் தள்ளுகின்றனர். சயானிலுள்ள லோகமான்ய திலகர் மருத்துவமனையிலும் பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையிலும் சிறுநீரியல் பிரிவு உண்டு, இரண்டும் மாநகராட்சியினுடையவை.

ஆதலின் வீடு திரும்புமுன், "உள்ளே குழாய் வைத்தீர்களா? எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஹிந்தியும் மராத்தியும் விளங்காத முதியோர்க்காகப் பிள்ளைகள் கேட்டல் கடமை. அத்தேதியை வீட்டு நாட்காட்டியில் குறியுங்கள். ஊரில் தங்க நேர்ந்தால் மருத்துவச் சீட்டைக் காட்டி அங்கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் உள்ளவரை சிறிது எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் கழிதலும் இயல்பே. குளிர்காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, இரத்தக்கட்டி இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரை நாடுங்கள்.

நம் அன்பர்க்கு இனி இரண்டு சிகிச்சைகள் உள்ளன என்கிறார்கள். அவர் சிறுநீரகம் பிழைக்குமென நம்புகிறோம். இதனைப் படிக்கும் இல்லத்தார் இன்றே தம் பழைய சீட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக.