தரத்தைக் கெடுத்தது யார்?

போலி ஆய்வுக் கட்டுரைகள் பெருகிவிட்டன என்று பேச்சு வந்தால் போதும், "கண்டவனெல்லாம் பிஎச்.டி. சேர்ந்துவிட்டான், தரம் போய்விட்டது" என்று தொடங்கிவிடுகிறார்கள் சில பேராசிரியர்கள். அந்தக் 'கண்டவன்' யாரென்று நமக்குத் தெரியும். இட ஒதுக்கீட்டில் உள்ளே வந்த நாம்தான்.

உண்மையில் தரத்தைக் கெடுத்தது யார்? ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று 2009இல் விதி செய்தது பல்கலைக்கழக மானியக் குழு. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆளெடுக்க, கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10 என்று 2018இல் கணக்குப் போட்டதும் அதுவே. எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றால், எண்ணிக்கையை விற்கக் கடை முளைக்கும். 2018 மே மாதம் மானியக் குழு தன் சொந்தப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றை அதில் ஏற்றியவர்கள் முதல் தலைமுறை மாணவர்களா?

சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். தேர்வின் பகுதியாக இளநிலை மாணவர்களைக் கட்டுரை எழுதவைத்து, அவற்றில் தன் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டிக் குவித்தது என்று 2023 ஜூனில் 'சயின்ஸ்' இதழின் புலனாய்வு சொன்னது. அந்த ஆண்டு தேசியத் தரவரிசையில் பல் மருத்துவப் பிரிவில் முதலிடம் அந்தக் கல்லூரிக்குத்தான். அது தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. அங்கே யாரும் 'கண்டவன்' என்று பேசக் காணோம்.

இப்போது சீர்திருத்தம் நடக்கிறது. 2022இல் கட்டாயக் கட்டுரை விதி போனது. 2025இல் 'கேர்' இதழ்ப் பட்டியலும் போனது. எது நல்ல இதழ் என்பதை இனி அந்தந்த நிறுவனமே முடிவு செய்யும். நிறுவனம் என்றால் யார்? துறைத்தலைவரும் நெறியாளரும்தானே! அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ வரும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து, ஆய்வேட்டுக்கு ஒப்புதல், கட்டுரையில் பெயர் வரிசை எல்லாம் ஒரே ஆளின் கையில். உழைக்காத நெறியாளரின் பெயர் முதலில் வந்தால் அவள் எங்கே போய்க் கேட்பாள்? அதுவும் ஆய்வு மோசடிதான். அதைப் பிடிக்க எந்த மென்பொருளும் இல்லை.

'ஒரே நாடு ஒரே சந்தா' என்று பதிப்பகங்களுக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அரசால் முடிகிறது. சிறுபான்மை ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை மட்டும் 2022இல் நிறுத்திவிட்டது.

தோழர்களே, இதழ்களைச் சலித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டுரையிலும் யார் என்ன வேலை செய்தார் என்று எழுதிப் பதிவு செய்ய வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். துறைக்கு வெளியே, பட்டியலின, பழங்குடிப் பிரதிநிதிகள் உள்ள முறையீட்டுக் குழு வேண்டும். உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும். கட்டணம் கேட்காத இதழ்களைப் பல்கலைக்கழகங்களே நடத்த வேண்டும்.

1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அறிவு யார் கைக்கும் எட்டும் விலையில் இருக்க வேண்டும் என்பதைப் பெயரிலேயே வைத்தார். நாம் கேட்பது புதிதல்ல, நம் பழைய பாக்கி.