எய்தவன் இருக்க அம்பை நோவதா?

ஏஜெண்டு என்ற சொல் இராசபாளையத்து மக்களுக்குப் புதியதன்று. பஞ்சு வாங்க வருபவர் ஏஜெண்டு; நூல் விற்க வருபவர் ஏஜெண்டு; சத்திரப்பட்டியிலே நெய்யப்படும் பாண்டேஜ் துணிக்கு வெளிமாநிலத்திலிருந்து ஆர்டர் பிடித்துத் தருபவர் ஏஜெண்டு; தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குள்ளே உட்கார்ந்திருப்பவரும் ஏஜெண்டு. அப்படி ஒருவர் வந்து நின்றால், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் யாருடைய ஏஜெண்டு?" அதற்கு விடை கிடைத்த பிறகுதான் பேச்சு, பேரம், கையெழுத்து எல்லாம்.

இன்று விஞ்ஞானக் கூடங்களிலும், மருத்துவமனைகளிலும், கணினி அறைகளிலும் அதே பெயரைத் தாங்கிக்கொண்டு பலவும் நுழைகின்றன. நோயை உண்டாக்குவதும் ஏஜெண்டாம். நோயைத் தீர்ப்பதும் ஏஜெண்டாம். துணியை வெளுப்பதும் ஏஜெண்டாம். மனிதன் தூங்கும்போது அவனுக்காக ஆராய்ச்சி செய்யும் கணினிப் பொறியும் ஏஜெண்டாம்! ஆனால், தறிக்காரர் கேட்கும் அந்த எளிய கேள்வியை மட்டும் மெத்தப் படித்தவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம். கேட்பதற்கு இராசபாளையம்–திருவில்லிபுத்தூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே கருதுகிறோம்.

திருவில்லிபுத்தூர் என்றதும் கோபுரத்தையும் பால்கோவாவையும் எண்ணுவோர் பலர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருப்பதை எண்ணுவோர் சிலர். எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துக்களைத் தாங்கிய பருத்தி இரகங்கள் அங்கே பிறந்தவை. பருத்திக்கு எமன் காய்ப்புழு. அந்தப் புழுவை ஒடுக்க விஞ்ஞானம் கண்ட வழிகளிலே ஒன்று, டிரைக்கோகிராம்மா என்ற, கண்ணுக்கு எளிதிலே தெரியாத அளவுச் சிறு குளவி. அது காய்ப்புழுவின் முட்டைக்குள்ளே தன் முட்டையை இட்டுவிடும். புழு பிறக்குமுன்பே அழியும். முட்டைகள் ஒட்டிய அட்டையாகவே அது உழவரிடம் வருகிறது. உயிரியல் கட்டுப்பாட்டுக் காரணி என்பது அதன் பட்டம். ஆனால், நேற்று நஞ்சு தெளித்த வயலிலே இன்று அந்த அட்டையைக் கட்டச் சொன்னால் குளவி செத்துப்போகும், புழு பிழைத்துக்கொள்ளும். குற்றவாளி யார்? குளவியா, தவறான யோசனை சொன்னவரா?

பருத்தி பஞ்சாகிறது, பஞ்சு நூலாகிறது, நூல் சத்திரப்பட்டியின் விசைத்தறிகளிலே ஏறி, அடிபட்டவன் புண்ணைக் கட்டும் துணியாக இறங்குகிறது. தறியிலிருந்து இறங்கும் துணி அப்படியே மருத்துவமனைக்குப் போய்விடாது. நூலுக்குப் போட்ட கஞ்சி போக வேண்டும். பஞ்சிலே இயற்கையாக உள்ள மெழுகு போகக் காஸ்டிக் சோடாவிலே வேகவேண்டும். பிறகு பிளீச்சிங் பவுடரோ, ஹைட்ரஜன் பெராக்சைடோ கொண்டு வெளுக்கவேண்டும். இவையெல்லாம் இரசாயனத்தார் சொல்லும் ஏஜெண்டுகள். வேலை ஒழுங்காக நடந்ததா என்று அறியச் சோதனை உண்டு. துணியைத் தண்ணீரிலே போட்டால் 10 விநாடிக்குள் மூழ்கவேண்டும். மிதந்தால், அது குருதியை உறிஞ்சாது. உறிஞ்சாத துணி புண்ணைக் காக்காது.

இன்னொரு சோதனையும் உண்டு. கடையிலே விற்கும் சட்டைத் துணிக்குக் கண்ணைப் பறிக்கும் வெண்மை தர ஒரு மருந்து போடுவார்கள். அது அழுக்கை நீக்குவதில்லை, கண்ணை ஏமாற்றுகிறது. புண்ணிலே படும் துணிக்கு அந்தப் பூச்சு ஆகாது. புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே வைத்தால் நீலமாக ஒளிர்ந்து தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளையாக இருப்பது வேறு, தூய்மையாக இருப்பது வேறு என்று ஒரு கட்டுத்துணிகூட நமக்குப் பாடம் சொல்கிறது!

முடிவிலே கிருமி நீக்கம். 121 பாகை வெப்ப நீராவியிலே செய்யலாம். எத்திலீன் ஆக்சைடு வாயுவாலும் செய்யலாம். கிருமியைக் கொல்லும் அந்த வாயு மனிதனுக்குப் புற்றுநோய் தரவல்லது. ஆகவேதான் துணியிலே அதன் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். தறிக்கூடத்திலே பறக்கும் பஞ்சுத் தூசிக்கும், வெளுப்புத் தொட்டியிலிருந்து எழும் குளோரின் நெடிக்கும் நல்லவர் கெட்டவர் என்ற வேறுபாடு தெரியாது. தொழிலாளியின் நுரையீரலும் அதற்கு ஒன்றுதான். பொருளுக்கு மனச்சாட்சி இல்லை. ஆகையால், அதை ஏவுகிறவனுக்குப் பொறுப்பு இருந்தாகவேண்டும்.

மருத்துவத் துறைக்கு வருவோம். 1882-லே இராபர்ட் காக் காசநோயின் காரணி ஒரு கிருமியே என்று காட்டினார். அதுவரை விதி என்றும், குலசாபம் என்றும் சொல்லி வந்த நோய்க்கு ஓர் உருவம் கிடைத்தது. காரணியைக் கண்டதோடு கதை முடிந்ததா? இல்லை. 1956-லே சென்னையிலே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளியைச் சானடோரியத்திலே படுக்கவைத்து, நல்ல உணவு கொடுத்து, ஓய்வு கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிய காலம். சென்னையின் நெருக்கடியான குடியிருப்புக்களிலே, அரைவயிற்று உணவோடு வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்துச் சிகிச்சைக்கு அது ஏறக்குறைய நிகரானது என்ற முடிவு 1959-லே வெளிவந்தது. உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது.

அந்த வெற்றிக்குப் பின்னே மாத்திரை மட்டும் இருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த ஊழியர்கள் இருந்தார்கள். மருந்து உட்கொண்டாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றையும் பதிந்து வைத்தார்கள். மருந்து ஒரு காரணி. அதற்குப் பொறுப்பேற்றவர்கள் மனிதர்கள்.

பொறுப்பு இல்லாத இடத்திலே என்ன நேரும்? மருந்தைக் கரைத்து வைக்கும் திரவத்தை யாரும் மருந்தாகக் கருதுவதில்லை. அது வெறும் கரைப்பான். 1937-லே அமெரிக்காவிலே அந்தக் கரைப்பான் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சாக இருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1972-லே சென்னையிலே அதே நஞ்சு குழந்தைகளைக் கொன்றது. 2025-லே காஞ்சிபுரம் மாவட்டத்திலே தயாரான இருமல் மருந்திலே மீண்டும் அதே நஞ்சு! மத்தியப் பிரதேசத்திலே 20-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் மாண்டனர். தமிழ்நாட்டிலே தயாரானது என்பதற்காக இதைச் சொல்லாமல் மறைப்பது நமக்கு அழகன்று. கரைப்பானைக் கூண்டிலே ஏற்ற முடியுமா? சோதிக்காமல் ஊற்றியவரைத்தான் ஏற்றவேண்டும். எய்தவன் இருக்க அம்பை நோவதிலே பயன் என்ன?

இந்தப் பின்னணியிலேதான் கணினி ஏஜெண்டை எடைபோடவேண்டும். அதிலே இரண்டு வகை உண்டு. ஒன்று, பதுமை வகை. 2020-லே கொரோனா பரவியபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் பெங்களூர், மும்பை நகரங்களைக் கணினிக்குள்ளே படைத்தார்கள். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பதுமை. அதற்கு ஒரு வீடு, ஒரு பள்ளி, ஓர் அலுவலகம். பள்ளியை மூடினால் என்ன ஆகும், இரயிலை நிறுத்தினால் என்ன ஆகும் என்று பதுமைகளை நடமாடவிட்டுக் கணித்தார்கள். பதுமை நோயுற்றால் எவருக்கும் தீங்கில்லை, பாடம்தான் மிச்சம்.

மற்றொன்று, காரியமாற்றும் வகை. ஒரு நோக்கத்தைச் சொல்லிவிட்டால் போதும். அது தானே படிகளை வகுக்கும். தானே நூல்களைத் தேடும். தானே நிரல் எழுதி ஓட்டும். வந்த விடையைப் பார்த்து அடுத்த படியைத் தானே தீர்மானிக்கும். 2025 பிப்ரவரியிலே கூகுள் நிறுவனம் ‘இணை விஞ்ஞானி’ என்ற பெயரிலே இப்படிப்பட்ட அமைப்பு ஒன்றை அறிவித்தது. அதிலே ஒரு முகவர் கருதுகோளை உண்டாக்கும். மற்றொன்று அதிலே குறை காணும். இன்னொன்று தரம் பிரித்து வரிசைப்படுத்தும். பிளீச்சிங் பவுடர் எந்தத் துணியை வெளுப்பது என்று தேர்ந்தெடுப்பதில்லை. இதுவோ தேர்ந்தெடுக்கிறது! அதிலேதான் புதுமையும் இருக்கிறது; ஆபத்தும் இருக்கிறது.

பொறியைக் கண்டு மிரளும் கூட்டத்தார் அல்லர் நாம். பகுத்தறிவை வழியாகக் கொண்ட இயக்கம் விஞ்ஞானத்தை வாசலிலே நின்று வரவேற்கும். கிருட்டிணன்கோவில் கல்விக் கூடத்திலே படிக்கும் நம் பிள்ளைகள் இத்தகைய முகவர்களைப் படைக்கவேண்டும், பட்டம் பெறவேண்டும், உலகம் போற்ற வாழவேண்டும். இதிலே நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால், பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்குப் பொறி ஒரு திரையாகிவிடக் கூடாது. கனடாவிலே நடந்ததைப் பாருங்கள். உறவினரின் சாவுக்காகப் பயணம் செய்தவர் ஒருவருக்குச் சலுகைக் கட்டணத்தைப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடற் பொறி தவறாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்தபோது நிறுவனத்தின் வாதம் என்ன தெரியுமா? "அந்தப் பொறி தனியோர் ஆள், அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு!" 2024 பிப்ரவரியிலே தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஒதுக்கித் தள்ளி, நிறுவனமே பொறுப்பு என்று கூறியது. அங்கே போனது கொஞ்சம் பணம். மருத்துவமனையிலே போவது உயிர் அல்லவா!

நம் நாட்டுச் சட்டத்திலே இதற்கு வேர் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவரின் செயலால் வரும் கடப்பாடு அவரை அமர்த்தியவரையே சாரும் என்கிறது. இன்னொரு விந்தையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல், நோயறியவும் சிகிச்சை செய்யவும் என்று உருவாக்கப்படும் மென்பொருளும் மருத்துவச் சாதனமாகவே கருதப்படுகிறது. சத்திரப்பட்டிப் பாண்டேஜ் துணியும், கணினி மென்பொருளும் 1940-ஆம் ஆண்டின் ஒரே மருந்துச் சட்டத்தின் குடைக்குக் கீழே! பிறகு குறை எங்கே? "இது மருத்துவத்துக்காகச் செய்யப்பட்டது அன்று, பொதுப் பயனுக்கானது" என்று ஒரு வரி எழுதிவிட்டால், குடைக்கு வெளியே நழுவ இடமிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-லே நெறிமுறைகளை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2020-லேயே செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வகுத்தது. பாராட்டுகிறோம். ஆயினும், நெறிமுறை அறிவுரை சொல்லும். சட்டம்தான் கையைப் பிடிக்கும்.

தொழிலாளியின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். கூலி உயர்வு கேட்டுச் சத்திரப்பட்டி வட்டார விசைத்தறித் தொழிலாளர்கள் தறியை நிறுத்திப் போராடிய வரலாறு உண்டு. போராட்டத்தின் முடிவிலே பேச்சுவார்த்தை. பேச்சுவார்த்தையின் முடிவிலே ஒப்பந்தம். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஆகவே பேச முடிந்தது. நாளை துணியின் விலையை ஒரு கணினி முகவர் குறைத்துவிட்டால்? "நான் என்ன செய்வேன், கணினி சொல்லுகிறது" என்று தறி உடைமையாளர் சொல்வார். வாங்குபவரும் அதையே சொல்வார். தாலுகா மருத்துவமனையிலே படத்தைத் தவறாகப் படித்தது பொறியாக இருக்கும். விளக்கம் கேட்கப்படுவது அங்கே நின்ற நர்சிடமாக இருக்கும். மேலே உள்ளவர் பொறியைக் காட்டுவார். பழி கீழே உள்ளவர் தலையிலே விடியும். இதற்குத்தானா விஞ்ஞானம்?

இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகிறது. தமிழ் பிரித்துக் காட்டுகிறது. நோய்க்குக் காரணமானது காரணி. தொழில் செய்யும் பொருள் கரைப்பான், வெளுப்பான். பிறர் ஒருவரின் முகமாக நின்று காரியம் செய்வது முகவர். முகவர் என்று சொன்ன உடனேயே, யாருடைய முகம் என்ற கேள்வி அதற்குள்ளே பிறந்துவிடுகிறது! யாழ்ப்பாணத்திலே 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 1916-லே சேலத்திலே விஞ்ஞானச் சொற்களுக்காகச் சங்கம் கண்டார் இராசாசி. அவரோடு நமக்குக் கருத்து வேறுபாடு ஆயிரம் உண்டு என்றாலும், அந்தப் பணியை மறுக்கமாட்டோம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வந்தது. தமிழிலே முடியாது என்ற பேச்சுக்கு இனியும் இடமில்லை.

ஆகவே, நாம் கேட்பவை மூன்று. மருத்துவத்திலும் ஆராய்ச்சியிலும் கணினி முகவர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் பெயர் சொல்லிக் கையெழுத்திடும் ஒரு மனிதர் இருக்கவேண்டும், இதைச் சட்டமாக்குக! நோயாளி கையெழுத்திடும் படிவத்திலே, எந்த வேலையைப் பொறி செய்தது, எதை மருத்துவர் செய்தார் என்பது தமிழிலே அச்சிடப்படவேண்டும். கூலியையும் விலையையும் பாதிக்கும் கணக்கை எந்தப் பொறி போட்டாலும், அந்தக் கணக்கைத் தொழிற்சங்கம் கேட்டுப் பார்க்கும் உரிமை வேண்டும்.

பாண்டேஜ் துணியை 10 விநாடி தண்ணீரிலே போட்டுச் சோதிக்கும் நாடு, உயிரைத் தொடும் பொறியைச் சோதிக்காமல் உள்ளே விடலாமா? நாளை உங்கள் ஊர் மருத்துவமனையிலே, வங்கியிலே, கூட்டுறவுச் சங்கத்திலே "இது ஏஜெண்டு சொன்ன முடிவு" என்று எவரேனும் சொன்னால் மிரளாதீர்கள், கோபமும் கொள்ளாதீர்கள். தறிக்காரர் கேட்கும் கேள்வியை நிமிர்ந்து நின்று கேளுங்கள்: "யாருடைய ஏஜெண்டு?" விடை வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.